தராசுக் கொக்கியில் தாய்மாமன்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. கணக்கில் பிழை இல்லை. என் கொழுந்தனும் அவர் சம்சாரமும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய ஆண்பிள்ளைகள் இரண்டையும் நான்தான் எடுத்து வளர்த்தேன். ஏழு பேருக்கும் ஒரே பானைச் சோறு. என் வயிற்றில் பிறந்ததற்கு ஓர் அகப்பை கூடுதலாக விழுந்தது என்று ஒருவரும் இன்றுவரை சொன்னதில்லை. சொல்லவும் விட்டிருக்க மாட்டேன்.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு தலையில் கொழுந்துக் கூடை ஏறிவிட்டது. ஆனாலும் நான் எங்கேயும் பெருவிரலை மையில் தோய்த்தவள் இல்லை. கையெழுத்துத்தான். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் தண்ணீர் கொதித்துவிடும், அவ்வளவுதான். இந்தக் கொப்பியில் இதை எழுத எனக்குப் பதினோரு நாள் பிடித்திருக்கிறது. வாயால் சொல்லலாம்தான். ஆனால் நான் சொல்லத் தொடங்கினால் நடுவில் யாராவது சிரித்துக் கெடுத்துவிடுகிறார்கள். எழுதிவிட்டால் கடைசிவரைக்கும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நான் பெற்றதில் முதல் நாலும் பெண். கடைசி ஒன்றுதான் ஆண். நாலாவது மகளை இதே தோட்டத்துக் கீழ் டிவிசனில் கட்டிக்கொடுத்தேன். நான் இருப்பது மேல் டிவிசன். இறங்கிப் போக அரை மணி நேரம், ஏறி வர எனக்கு இப்போதெல்லாம் ஒன்றரை மணி நேரம். போன வருஷம் தை மாதம் அந்த மகளுடைய மூத்த பெண் பெரிய மனுஷி ஆனாள். சடங்குக்கு நாள் குறித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை.

சடங்கு என்றால் எங்களிடம் ஒரு முறை உண்டு. தாய்மாமன் சீர்த்தட்டு எடுத்து, தப்பு மேளம் அடித்து, ஊர் பார்க்க வரவேண்டும். வந்து பெண்ணுக்கு முதல் மாலையைப் போடவேண்டும். அந்த மாலை விழாமல் பெண் மணையை விட்டு எழுந்திருக்க முடியாது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாமன் எங்கே? பாலைவனத்தில். என் கடைசி மகன் அங்கே தண்ணீர் பவுசர் லொறி ஓட்டுகிறான். போய் நாலு வருஷம். போன மறு வருஷமே அவன் அப்பா தவறிவிட்டார். லீவு கிடைக்கவில்லை. டிக்கோயாவில் இருக்கிற என் கொழுந்தன் மகன்தான், நான் வளர்த்த இரண்டில் இளையவன், அவருக்குக் கொள்ளி வைத்தான். சடங்கு விஷயம் கேள்விப்பட்டதும் என் மகன் போன் எடுத்தான்.

"அம்மா, அப்பாவுக்குத்தான் கொள்ளி வைக்க வரல. இந்த மாலையையாவது நான் போடுறேன். வேற யாருக்கும் குடுத்துறாதீங்க."

"நீ எப்படிடா போடுவ?"

"வீடியோவுல வாறேன். நீங்க மட்டும் விட்டுக் குடுத்துறாதீங்க."

"குடுக்க மாட்டேன்," என்றேன். சொல்லிவிட்டேன். நான் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது சொன்னதுதான்.

இதைக் கொண்டுபோய் என் சம்பந்தியிடம் சொன்னேன். சம்பந்தி என்றால் மருமகனுடைய அம்மா. நானும் அவளும் ஒரு காலத்தில் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். யார் கூடை முதலில் நிறையும் என்று அன்றைக்குத் தொடங்கிய போட்டி. இன்றைக்கு இரண்டு பேரிடமும் கூடை இல்லை. போட்டி மட்டும் இருக்கிறது.

அவள் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். "போன்ல இருக்கிறவன் எப்படி சம்பந்தி மாலை போடுவான்? போனுக்குக் கையா இருக்கு, காலா இருக்கு?"

"அது போன் இல்ல. என் மகன்."

"சரி, உங்க மகன்தான். டிக்கோயாவுல ஒருத்தன் இருக்கானே, அவனும் உங்க மகன்தானே? அவனும் தாய்மாமன் முறைதான். கைகால் எல்லாம் ஒழுங்கா இருக்கு."

ஏழையும் ஒன்றாக வளர்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். என் வாயாலேயே என்னைக் கட்டிவிட்டாள்.

கடைசியில் இப்படி முடிவானது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்குகிறது. அதற்கு முன்னால் என் மகன் போனில் வந்து முறையாக மாலை போட்டால் சரி. போடாவிட்டால், பன்னிரண்டு அடிப்பதற்குள் டிக்கோயாக்காரன் போட்டுவிட வேண்டும். அவனை வேட்டி கட்டிக்கொண்டு தயாராக வரச்சொல்லி சம்பந்தியே ஆள் அனுப்பிவிட்டாள்.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. கீழ் டிவிசன் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், போனுக்கு சிக்னல் இல்லை. வாசலில் இல்லை, கோயிலடியில் இல்லை. மடுவத்தில் மட்டும்தான் நன்றாக இருக்கும். மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து இல்லை, கொட்டகை சும்மாதான் கிடக்கும். தோட்டத் தலைவர் போய், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையாவிடம் கேட்டு வாங்கித் தந்தார். மணையும் பந்தலும் மடுவத்துக்கு இடம் மாறின. "புள்ளைய நிறுத்துப் பாத்துத்தான் அனுப்புவாங்க போல," என்று லயத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அன்றைக்குக் காலையில் என் வீட்டிலிருந்து ஒன்பது சீர்த்தட்டு புறப்பட்டது. எட்டில் தேங்காய், பழம், சர்க்கரை, புடவை என்று வழக்கமான சாமான். ஒன்பதாவது தட்டில் பச்சரிசியைக் குவித்து, அதன்மேல் தேங்காய் வைத்து, தேங்காயில் சாய்த்து என் மூத்த மகளுடைய போனை வைத்தோம். அதற்குள் என் மகன். பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி பூசி உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் அடுக்குக் கட்டில். மேல் கட்டிலில் யாரோ ஒருத்தன் தலை வரைக்கும் போர்த்திக்கொண்டு தூங்கினான். எங்கள் தப்புச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழும்பி, என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மறுபடி படுத்துவிட்டான். நேபாளத்துப் பிள்ளையாம். நல்ல வளர்ப்பு.

மூத்த மகள் அந்தத் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடந்தாள். வழியில் மூன்று வளைவில் மாமன் காணாமல் போனான். மூன்று முறையும் தப்பை நிறுத்தி, ஊர்வலத்தை நிறுத்தி, அவன் வரும்வரை ரோட்டில் நின்றோம். மூன்றாவது வளைவில் நின்றபோது பனி இறங்கத் தொடங்கியது. முதலில் மேல் மலை போனது. பிறகு சவுக்கு மரங்கள் போயின. மடுவத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முன்னால் போகிற தட்டுக்காரியின் முதுகுகூட மங்கலாகத்தான் தெரிந்தது.

மடுவத்து வாசலில் சம்பந்தி சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். சீர் கொண்டு வருகிறவர்களுக்குச் சந்தனம், குங்குமம் கொடுத்து உள்ளே அழைப்பது பெண் வீட்டார் செய்ய வேண்டிய மரியாதை. எனக்குக் கொடுத்தாள். தட்டு தூக்கியவர்களுக்குக் கொடுத்தாள். தப்புக்காரர்களுக்கும் கொடுத்தாள். ஒன்பதாவது தட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"சம்பந்தி, மாமனுக்குச் சந்தனம் வைக்கலயே?"

"வைக்காம என்ன? நெத்திய இங்கிட்டு நீட்டச் சொல்லுங்க, வைக்கிறேன்."

மடுவமே சிரித்தது. என் மகனும் சிரித்தான். ஆனால் இரண்டு மூச்சு கழித்துச் சிரித்தான், ஏனென்றால் இங்கே பேசுவது கடல் தாண்டி அவனுக்குப் போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகிறது. எல்லாரும் ஓய்ந்த பிறகு அவன் ஒருத்தன் மட்டும் தனியாகச் சிரித்தது எனக்கு என்னவோ போல இருந்தது.

நான் சம்பந்தியின் கையிலிருந்த கிண்ணத்தில் விரலை விட்டேன். நிறையச் சந்தனம் எடுத்தேன். என் பிள்ளைக்கு நெற்றி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? முகத்துக்கு மேலே. போனின் தலைமாட்டில், நடு மத்தியில், அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன். வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே போனதும் போனை எங்கே வைப்பது என்று கேள்வி வந்தது. கீழே வைத்தால் சிக்னல் குறைகிறது. மேலே தூக்கினால் நிறைகிறது. என் மருமகன் போனை ஒரு துணிப்பையில் முகம் தெரிகிற மாதிரி கட்டி, கொழுந்து மூட்டை மாட்டுகிற தராசுக் கொக்கியில் மாட்டிவிட்டார். நாற்பது வருஷம் நான் எடுத்த கொழுந்து தொங்கிய கொக்கியில் என் மகன் தொங்கினான்.

"எத்தனை கிலோ நிக்கிறான்?" என்று சம்பந்தி கேட்டாள்.

"எவ்வளவு நின்னாலும் கொழுந்துல கழிக்கிற மாதிரி தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சிருவாங்க அப்பாயி," என்றான் தப்புக்காரன் ஒருவன்.

நான் காது கேளாதவள் மாதிரி என் மகனிடம் பேசினேன்.

"டேய், குளிச்சிட்டியா?"

பதில் இல்லை. அந்தக் கடல் தாண்டுகிற விஷயம் மறந்துவிட்டது எனக்கு. சரி, கேட்கவில்லை போல என்று, கூட்டம் இருக்கும்போதே மனதில் உள்ள இன்னொன்றையும் கேட்டுவிடலாம் என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு ஒரு முடிவு சொல்றியா இல்லயா?"

"அதெல்லாம் காலையிலேயே முடிஞ்சிருச்சும்மா," என்றான் சந்தோஷமாக.

அந்தச் சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. அடங்கிய பிறகு அவன் சொன்னான்.

"அம்மா, எனக்கு ஒண்ணும் தெரியல. ஒரே வெள்ளையா இருக்கு."

நான் வெளியே பார்த்தேன். எதிரே இருக்கிற ரோட்டையே காணோம். போனில் ஒரு மூலையில் எங்களைக் காட்டுகிற சின்னக் கட்டம் இருக்கிறது. மருமகன் அதை எட்டிப் பார்த்தார். அதுவும் வெள்ளையாகத்தான் இருந்தது.

"பனிடா. இங்க பயங்கரமா இறங்கிருக்கு. கொஞ்சம் பொறு, விலகிரும்."

"விலகட்டும்மா, அவசரமில்ல. நம்ம ஊரு பனியப் பாத்து எம்புட்டு நாளாச்சு."

அவன் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, கண்ணை விரித்து வைத்துக்கொண்டு அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தான். மேல் கட்டில் பிள்ளையையும் எழுப்பிக் காட்டினான். "இதுதான் எங்க ஊரு பனி," என்று ஏதோ ஒரு பாஷையில் அவனுக்குச் சொன்னான். அந்தப் பிள்ளையும் மரியாதையாகப் பார்த்துத் தலையை ஆட்டியது. நாங்கள் இங்கே இருந்து அவர்கள் இரண்டு பேரையும் பளிச்சென்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. பனி விலகியது. முதலில் ரோடு வந்தது, பிறகு சவுக்கு மரம், பிறகு வெயிலே வந்துவிட்டது.

"இப்ப தெரியுதாடா?"

இரண்டு மூச்சு. "இல்லம்மா. இன்னும் பனியாத்தான் இருக்கு."

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அங்கே மணல் காற்று அடிக்கும், அதுதான் என்றார் ஒருவர். சிக்னல் வருகிற கோபுரத்தில் இன்னும் பனி இருக்கும் என்றார் தலைவர். அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. சம்பந்தி மட்டும், "பனி இங்க இல்ல, அங்கயும் இல்ல. உங்க மகன் கண்ணுல இருக்கு," என்றாள்.

மணையில் பேத்தி தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. டிக்கோயா மகன் மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தூண் பக்கத்தில் நின்றான். அவனுக்கும் இதில் ஆசை ஒன்றும் இல்லை. கூப்பிட்டார்கள், வந்தான். புதுச் சட்டையின் மடிப்புகூடக் கலையவில்லை.

"பெரியம்மா, பன்னெண்டு மணி பஸ்ஸு போச்சுன்னா அடுத்தது ரெண்டரைக்குத்தான்," என்று என் காதில் மெதுவாகச் சொன்னான்.

"ஒன்னய யாரு போகச் சொன்னா? நில்லு."

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சம்பந்தி எழுந்து வந்தாள். இந்த முறை அவள் குரலில் கிண்டல் இல்லை.

"சம்பந்தி, நேரம் போகுது. புள்ள பசியா இருக்கு. சொன்னா சொன்னதுதானே?"

சொன்னது சொன்னதுதான். அதை நான் மறுக்க முடியாது. ஆனால் அவனிடமும் ஒன்று சொல்லியிருந்தேனே. கொக்கியிலிருந்து போனை இறக்கித் தரச் சொன்னேன். மற்றவர்கள் சொல்லி அவன் கேட்கக் கூடாது, நானே சொல்லிவிடலாம் என்றுதான். பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவன் எனக்காகச் சிரித்தபடி அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன வார்த்தையில் தொடங்குவது என்று தெரியாமல் போனையே பார்த்தபோதுதான் அதன் தலைமாடு கண்ணில் பட்டது.

சந்தனம் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. அதில் என் விரல் ரேகைகூடத் தெளிவாக விழுந்திருந்தது. அந்தச் சந்தனத்துக்கு அடியில்தான் போனுக்குக் கண் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாழ்நாளில் ஒரு தாளிலும் பெருவிரல் வைக்காதவள் அங்கே போய் ஆள்காட்டி விரலை வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரமாக என் மகன் ஆசை ஆசையாகப் பார்த்தது பனி இல்லை.

சுற்றிப் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. அழுகை வந்த மாதிரி மூக்கை உறிஞ்சினேன். முந்தானையை எடுத்து முதலில் கண்ணைத் துடைத்தேன். பிறகு அதே முந்தானையால் போனையும் துடைத்தேன். சந்தனம் லேசில் போகவில்லை. எச்சில் தொட்டுத்தான் துடைக்க வேண்டியிருந்தது.

இரண்டு மூச்சு.

"அம்மா! பனி போயிருச்சு. ஒங்க மூக்குத்தி தெரியுது. மூக்கு மட்டுந்தான் தெரியுது, கொஞ்சம் தள்ளிப் புடிங்க."

"பாத்தீங்களா," என்றேன் சம்பந்தியைப் பார்த்து. "நான்தான் சொன்னேனே, விலகிரும்ன்னு."

இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. கை வேண்டும், முகமும் வேண்டும். நான் வேகமாக யோசித்தேன். "இங்க வாடா," என்று டிக்கோயா மகனைக் கூப்பிட்டேன். அவன் கையிலிருந்த மாலையின் அடியில், குஞ்சம் தொங்குகிற இடத்தில், சீர்த்தட்டு மஞ்சள் கயிற்றால் போனை இறுக்கிக் கட்டினேன். "நீ மாலையைப் புடி. அவன் மாலையோட வருவான். ரெண்டு பேரும் சேந்து போடுங்க."

மறுத்துப் பேச யாருக்கும் நேரம் இல்லை. அங்கே அவன் இரண்டு கையையும் தூக்கினான். இங்கே இவன் மாலையைப் பேத்தி தலைக்கு மேலே தூக்கினான். "போடு," என்றேன். இவன் போடப் போனான்.

"பொறு, மாமன் கை இன்னும் வரல," என்று தடுத்தது யார் தெரியுமா? சம்பந்திதான்.

இரண்டு மூச்சு எல்லாரும் நின்றோம். போனுக்குள் அவன் கை இறங்கியது. மாலையும் இறங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். தப்பு முழங்கியது. மாலை கழுத்தில் விழுந்த வேகத்தில் போன் தலைகீழாகத் தொங்கி ஆடியது. அதற்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது.

"காலு தெரியுதும்மா. மருதாணி வச்ச காலு. நல்லாத் தெரியுது."

அதற்குப் பிறகு போனுக்குள் அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எங்களுக்கும் அவன் முகத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. கீழே ரோட்டில் பன்னிரண்டு மணி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. டிக்கோயா மகன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தியில் போய் உட்கார்ந்தான்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். மறு வாரம் பக்கத்து வீட்டுக்காரி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொழும்பிலிருக்கிற மகள் முகம் மங்கலாகத் தெரிகிறதாம். "அன்னைக்குத் தொடச்ச மாதிரி ஒரு தடவ தொடச்சுக் குடுங்க." துடைத்துக் கொடுத்தேன். தெரிந்துவிட்டது. கொழுந்து எடுக்கிற கையில் உள்ள பிசுக்கு, அடுப்படிக் கரி எல்லாம் அந்தக் கண்ணில் அப்பியிருந்தால் எப்படித் தெரியும்? ஆனால் நான் விளக்கம் சொல்லவில்லை. அன்றிலிருந்து இரண்டு டிவிசனும் என்னிடம் வருகிறது. கைராசியாம். லிந்துலையிலிருந்துகூட ஒருத்தி வந்தாள். அவளுடையது மட்டும் சரியாகவில்லை. போனில் பட்டரி இல்லை.

போன மாதம் சம்பந்தியே ஏறி வந்தாள், மூச்சு வாங்க. துடைத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "ஒங்க கையில என்னமோ இருக்கு சம்பந்தி," என்றாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

இப்போது என் மகன் சித்திரையில் லீவுக்கு வருகிறான். போனில் பேசும்போதெல்லாம் அந்தப் பனியைப் பற்றியே பேசுகிறான். அப்படி ஒரு பனியை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லையாம். வந்ததும் மடுவத்துக்குப் போய் நிற்கப்போகிறானாம். அவனிடம் நான் என்ன சொல்வது? வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் எழுதினேன். அவன் வந்ததும் இந்தக் கொப்பியை அவன் கையில் கொடுத்துவிடுவேன். அதற்கு முன்னால், அன்றைக்கு மணையில் பட்டினியாக உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரிய வேண்டும். லீவுக்கு என்னோடு தங்க வந்து, இந்தப் பதினோரு நாளும் என்ன எழுதுறீங்க அம்மாயி என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தாடி, வா. உட்காரு. முதலிலிருந்து வாசித்துக் காட்டு, எழுத்து விட்டுப்போயிருந்தால் சொல்லு. சந்தனம் வருகிற இடத்தில் மட்டும் குரலை இறக்கி வாசி. லயத்துச் சுவர் மெல்லிசு, அந்தப் பக்கத்தில் ஒருத்தி துடைத்து வாங்க வந்து காத்திருக்கிறாள்.